கிணற்றடிக் குறிப்புகள்

செப்டம்பர் 5

தண்ணீருக்கடியில் பார்க்க நாங்கள் செய்யும் கேமரா எந்திரம் அயிரை. அதன் முன்னால் கேமராவை மூடியிருக்கும் தெளிந்த கூடு, டோம். டோமுக்குள் மறுபடியும் ஈரம். கேமராவுக்கு நேர் முன்னால் படலமாகப் படிந்து கிடக்கிறது.

எல்லோரும் கசிவு என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் மத்தியான வெயிலில்தான் மூடியை முடுக்கினோம். உள்ளே அடைபட்ட காற்றின் ஈரமே கிணற்றுக் குளிர்ச்சியில் படிந்திருந்தால்? கசிவு என்றால் மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தை, ஓ-ரிங்கை, மாற்றணும்; கேபிள் நுழையும் இடத்தை அடைத்திருக்கும் எபாக்சிப் பசையைச் சுரண்டி மறுபடி ஊற்றணும். காற்றின் ஈரம் என்றால் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும். எது என்று தெரியாமல் இரண்டையும் செய்து, அடுத்த தடவை காய்ந்து வந்தால் அதை எப்படி நம்புவது?

செப்டம்பர் 6

தூக்கம் வரவில்லை.

செப்டம்பர் 7

சேரன்மகாதேவிப் பக்கம், சித்தப்பா தோட்டத்துக் கிணறு. எங்களுக்காக மோட்டாரை நிறுத்தி வைத்திருந்தார். அயிரையை விட்டதும் மூக்கைத் தூக்கிக்கொண்டது. பேட்டரி பின்னால் இருக்கிறது. முன் சட்டத்தில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைக் கட்டிய பிறகு சமமாக நின்றது. மிதப்பு மேலே, பாரம் கீழே. கையால் சாய்த்துவிட்டாலும் தானே நிமிர்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

ஆச்சி வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, இது மீன் புடிக்குமா?"

"இல்ல ஆச்சி, பாக்கத்தான் செய்யும்."

"பாத்து?"

"மதகுக்கு அடியில ஆளு முங்கிப் பாக்குறதுக்குப் பதிலா இது போவும்."

ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப நல்லாச் செய்யி" என்றாள்.

செப்டம்பர் 8

சொட்டு நீலம்! டிரம் தண்ணீரில் கலந்துவிட்டு, உள்ளே டிஷ்யூ காகிதம் வைத்தால் போதும். கசிந்தால் காகிதம் நீலமாகும்.

ஆனால் டிரம்மில் ஆழம் ஏது? பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். நமக்கு ஆறு மீட்டர் வேண்டும். வெளியே அழுத்த முடியாவிட்டால் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சலாம். வண்ணாரப்பேட்டை மெக்கானிக் அண்ணாச்சியிடம் பிரேக் ஆயில் உறிஞ்சும் கை பம்பு இருக்கிறது. அதன் முள் பாதரசக் கணக்கில் 18 அங்குலம் காட்டினால் ஏறக்குறைய ஆறு மீட்டர் ஆழத்து அழுத்தம்.

செப்டம்பர் 10

பொதிகைப் பக்கம் கறுத்திருக்கிறது. மழை இறங்கினால் ஆறு கலங்கிவிடும், கேமராவுக்கு ஒன்றும் தெரியாது.

செப்டம்பர் 11

முதலில் பம்பு போடாமல் ஐஸ் தண்ணீரில் டோமை மட்டும் முக்கினோம். பனி படிந்தது, காகிதம் வெள்ளை. நான் சொன்னதுதான்.

அப்புறம் கேபிள் சுருளோடு முழுதாக டிரம்முக்குள் இறக்கி, பம்பை இழுத்தோம். முள் மெல்ல இறங்க ஆரம்பித்தது, எங்கோ கசிகிறது. திறந்தால் டோம் பக்கம் வெள்ளை, பின்பக்கம் நீலம். ஓ-ரிங் பக்கம் ஈரமே இல்லை. கேபிளுக்குள் செம்பு இழைகளின் நடுவே நீலம் ஓடி வந்திருக்கிறது. உறையில் எங்கோ கீறல். எபாக்சி பிடித்திருப்பது உறையை மட்டும்தான், உள்ளே வழி திறந்தே கிடக்கிறது. ஆக ஈரமும் உண்மை, கசிவும் உண்மை.

உறையை உரித்து, ஒவ்வொரு ஒயரையும் தனித்தனியாகப் பிரித்து எபாக்சியில் அமிழ்த்தணும். புதுக் கேபிளும் வேணும்.

செப்டம்பர் 12

மதிப்பீட்டுத் தாளில் "நீர் புகாது: ஆம் / இல்லை" என்று ஒரு கட்டம். ஆம் என்று போட்டுவிடலாம் என்கிறார்கள். எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம் என்று எழுதாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன். பெரிய சண்டை. சரி, போகட்டும்.

செப்டம்பர் 13

உவரிக் கடலில் விடுவதென்றால் ஈயமும் கூட்டணும். அயிரை விலக்கும் தண்ணீர் 8 லிட்டர். உப்புத் தண்ணீர் லிட்டருக்கு 25 கிராம் கனம் கூட. அப்படியானால் 200 கிராம்.

செப்டம்பர் 14

மழை. சித்தப்பா போன் செய்தார், நாளைக்கு விட்டால் மோட்டாரை நிறுத்த முடியாதாம். எபாக்சி இன்னும் விரலில் ஒட்டுகிறது.