ரெண்டு கவர், ஒரு தேதி: பென்சில்வேனியால தபால் ஓட்டு போட்ட, போட வச்ச அனுபவம்

நான் அமெரிக்க சிட்டிசன் ஆனது 2023ல. அந்த வருஷம் நவம்பர் 7ஆம் தேதி எலெக்‌ஷன்ல நான் போட்ட முதல் ஓட்டை யாரும் எண்ணவே இல்லை. தபால்லதான் அனுப்பினேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டில போட்டேன், நடுவுல சனி ஞாயிறு வந்தாலும் செவ்வாய்க்கிழமைக்குள்ள போயிடும்னு நம்பினேன், போய்ச் சேர்ந்தது புதன்கிழமை. பென்சில்வேனியால கவர் மேல இருக்கற தபால் முத்திரை தேதியைப் பார்க்க மாட்டாங்க, எலெக்‌ஷன் அன்னிக்கு ராத்திரி 8 மணிக்குள்ள கவர் கவுண்டி எலெக்‌ஷன் ஆபீஸ்ல இருக்கணும் (கவுண்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), அவ்வளவுதான். வெப்சைட்ல ஸ்டேட்டஸ் பார்த்துட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். எங்கப்பா அரசுப் பள்ளி வாத்தியார், தேர்தல் டூட்டிக்குப் போறவர், அதனால எங்க வீட்ல தபால் ஓட்டுங்கறது சின்ன வயசுலேர்ந்து பார்த்த விஷயம். எத்தனை வேலை இருந்தாலும் அந்தக் கவரை மட்டும் அவர் தள்ளிப் போட்டதே இல்லை. அவர் பொண்ணு ஓட்டு லேட்டா போய் வீணாப் போச்சுன்னு அவர்கிட்ட சொல்லவே எனக்கு மனசு வரலை.

அதுக்கப்புறம்தான் 2024 கோடைல வாலண்டியரா சேர்ந்தேன். கட்சி சார்பில்லாத குழு, பிட்ஸ்பர்க் பக்கம் இருக்கற இந்தியக் குடும்பங்களுக்கு போன் பண்ணி, ஓட்டர் லிஸ்ட்ல பேர் இருக்கான்னு பார்க்கச் சொல்றது, தபால் ஓட்டு வேணும்னா எப்படி அப்ளை பண்றதுன்னு சொல்றது, இதுதான் வேலை. யாருக்குப் போடணும்னு ஒரு வார்த்தை பேசக் கூடாது. அது கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஏன்னா அந்த வருஷம் நம்மாளுங்க போனை எடுத்த உடனே ஜனாதிபதி வேட்பாளர் கமலா ஹாரிஸ், அவங்க அம்மா சியாமளா கோபாலன், தாத்தா ஊர் துளசேந்திரபுரம்னு ஆரம்பிச்சுடுவாங்க, சில பேர் அதுக்கு நேர் எதிரா அரை மணி நேரம் பேசுவாங்க, ரெண்டு பேருக்கும் நான் ஒரே பதில்தான் சொல்லணும், "சரிங்க, உங்க பேலட், அதான் ஓட்டுச் சீட்டு, வந்துடுச்சா?"

குடுத்த ஸ்கிரிப்ட் இங்கிலீஷ்ல இருந்துச்சு. ரெண்டு நாள் அதைப் படிச்சுப் பார்த்தேன், வயசானவங்க பாதிலயே ஏதோ விளம்பரம்னு நெனச்சு வச்சுடறாங்க, அதனால நானே தமிழ்ல எழுதி வச்சுக்கிட்டேன், "வணக்கம்ங்க, நான் பக்கத்து டவுன்ஷிப்லேர்ந்து பேசறேன், எதுவும் விக்கலை" அப்படின்னு. முதல் கேள்வி எப்பவும் சிட்டிசனாங்கறதுதான். லிஸ்ட்ல இருக்கறவங்க சரி, ஆனா அதே வீட்ல கிரீன் கார்டுல, ஹெச்1பி வேலை விசால இருக்கறவங்களும் ஆர்வமா "நாங்களும் பதிவு பண்ணிக்கலாமா"ன்னு கேப்பாங்க. கூடவே கூடாதுன்னு அழுத்திச் சொல்லிடுவேன், சிட்டிசன் இல்லாம தெரியாத்தனமா பேர் குடுத்தாக்கூட பின்னாடி அவங்க இமிக்ரேஷனுக்கே வினையாயிடும்.

இன்னொரு கேள்வி அடிக்கடி வரும், "இதுக்கு வெளியூர் போறோம், உடம்பு சரியில்லைன்னு காரணம் காட்டணுமேம்மா?" 2019 வரைக்கும் காட்டணும். அந்த வருஷம் ஆக்ட் 77னு சட்டம் வந்ததுலேர்ந்து காரணமே இல்லாம யார் வேணா தபால்ல போடலாம். அப்சென்டீ பேலட்னு பழைய வகையும் இருக்கு, அதுக்குக் காரணம் எழுதணும், மெயில்-இன் பேலட்னா வேண்டாம், வீட்டுக்கு வர்ற கவரும் அதை அனுப்பற முறையும் ரெண்டுக்கும் ஒண்ணுதான். ஆன்லைன்ல அப்ளை பண்ண பத்து நிமிஷம், டிரைவிங் லைசென்ஸ் நம்பர், அது இல்லைன்னா சோஷியல் செக்யூரிட்டி நம்பர்ல கடைசி நாலு எண். அப்ளிகேஷனுக்குக் கடைசி நாள் எலெக்‌ஷனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை சாயங்காலம் 5 மணி. 2024ல அது அக்டோபர் 29, தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி, எல்லாரும் பலகாரத்துலயும் துணிமணிலயும் இருப்பாங்கன்னு நாங்க நவராத்திரிலயே போன் பண்ண ஆரம்பிச்சுட்டோம்.

அப்படி பேசினப்போதான் அந்த அம்மா கிடைச்சாங்க. தஞ்சாவூர்ப் பக்கம், 74 வயசு, முட்டி ஆபரேஷன் ஆகி மூணு வாரம், வாக்கர் வச்சு நடக்கறாங்க. இருபது வருஷத்துக்கு மேல கிரீன் கார்டுல இருந்து, வயசானவங்களுக்கு இருக்கற விதிவிலக்குல இங்கிலீஷ் டெஸ்ட் இல்லாம தமிழ்லயே பதில் சொல்லி சிட்டிசன் ஆனவங்க. இது அவங்க முதல் ஓட்டு. பையன் வேலை விஷயமா வெளியூர்ல, மருமகளுக்கு ஆஸ்பத்திரி டூட்டி, "கவர் வந்து கெடக்கு, பிரிக்கப் பயமா இருக்கு, நீ வர்றியாம்மா"ன்னு கேட்டாங்க. அக்டோபர் 12, சனிக்கிழமை போனேன், விஜயதசமி. கொலு அப்படியே இருந்துச்சு, கொண்டைக்கடலை சுண்டல் குடுத்தாங்க.

பேலட்டை நான் தொடலை, அவங்களையே பிரிக்கச் சொன்னேன். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பாங்க, பேரெல்லாம் அவங்களே படிச்சாங்க. ஜனாதிபதியும் செனட்டரும் தெரியும், அட்டர்னி ஜெனரல், ஆடிட்டர் ஜெனரல், ட்ரெஷரர்னு வரும்போது "இவங்கள்லாம் யாரும்மா, என்ன வேலை"ன்னு கேட்டாங்க, பதவிக்கு என்ன வேலைன்னு மட்டும் சொன்னேன். படிக்கவே வராதவங்களா இருந்தா தான் நம்பற ஆளை உதவிக்கு வச்சுக்கலாம், வாக்குரிமைச் சட்டம் 208ஆம் பிரிவு அதுக்கு இடம் குடுக்குது, முதலாளியும் யூனியன்காரங்களும் மட்டும் கூடாது. இவங்களுக்கு அது தேவைப்படலை. வட்டத்தைக் கருப்பு மசியால நிரப்பற நேரம் நான் ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்துட்டேன். பேனா சத்தம் மட்டும் கேட்டுச்சு, ரொம்ப நிதானமா.

முடிச்சுட்டாங்களான்னு திரும்பிப் பார்க்கறேன், பேலட்டை உள்கவர்ல போட்டு ஒட்டிட்டாங்க, அது மேல மூலைல பேனாவை வச்சு பிள்ளையார் சுழி போடப் போறாங்க! "அம்மா அம்மா வேண்டாம்"னு கையைப் பிடிச்சுட்டேன். பயந்துட்டாங்க பாவம். அந்த உள்கவர் ரகசியக் கவர், யாரோடதுன்னு காட்டிக் குடுக்கற எழுத்தோ குறியோ அதுல இருந்தா அந்த ஓட்டு செல்லாது, அதுக்குத்தான் சொன்னேன்னு விளக்கினேன். "உ போட்டாக் கூடவா?"ன்னு கேட்டாங்க. உ போட்டாலும் வேண்டாம்மா, எதுக்கு வம்புன்னு சொன்னேன். அந்த உள்கவரே இல்லாம பேலட்டை நேரா வெளிக்கவர்ல போட்டா அதையும் எண்ண மாட்டாங்க, 2020 செப்டம்பர்ல பென்சில்வேனியா சுப்ரீம் கோர்ட்டே அப்படித் தீர்ப்பு குடுத்திருக்கு, இங்க அதை நேக்கட் பேலட்னு சொல்லுவாங்க. கோயில்ல எங்க குழு டேபிள் போட்டு நிக்கும்போது ஒரு மாதிரி செட் வச்சுக்கிட்டு, பேலட் உள்கவருக்குள்ள, உள்கவர் வெளிக்கவருக்குள்ளன்னு செஞ்சு காட்டுவோம், வாயால சொல்றதை விட அதுதான் பதியுது.

அடுத்தது வெளிக்கவர், பின்பக்கம் கையெழுத்தும் தேதியும். கையெழுத்து தமிழ்ல போட்டா தள்ளிடுவாங்களான்னு கேட்டாங்க. கையெழுத்து ஒத்துப் போகலைங்கற ஒரே காரணத்துக்காகத் தள்ளக் கூடாதுன்னு அதே கோர்ட் அதே வருஷம் அக்டோபர்ல சொல்லியிருக்கு, நீங்க எப்பவும் எப்படிப் போடுவீங்களோ அப்படியே போடுங்கன்னேன். அழகா தமிழ்ல போட்டாங்க. தேதிதான் எனக்கு வயித்தைக் கலக்கற இடம். வருஷத்தை ஆபீஸ்காரங்களே அச்சடிச்சு வச்சுட்டாங்க, மாசமும் நாளும் நாம எழுதணும், முதல் கட்டம் மாசம். நம்ம கை பழக்கத்துல நாளை முதல்ல எழுதிடும், அன்னிக்கு 12ஆம் தேதி, அக்டோபர் 10ஆவது மாசம், 12/10னு எழுதினா இந்த ஊருக்கு அது டிசம்பர் 10, எலெக்‌ஷனே முடிஞ்ச அப்புறம் வர்ற தேதி. தேதி இல்லைன்னோ தப்புன்னோ அப்பல்லாம் ஓட்டைத் தள்ளி வச்சாங்க. இந்த விஷயம் வருஷக்கணக்கா கோர்ட்டு கோர்ட்டா சுத்துது, ஒரு மனுஷன் ஓட்டு தேதிக் கட்டத்துல போய் விழுந்து சாகறது அநியாயம்னுதான் நான் நெனைக்கறேன், ஆனா தீர்ப்பு எப்படி வந்தாலும் சரியா தேதி போட்ட கவருக்கு ஆபத்தில்லை. 10, அப்புறம் 12ன்னு ஒரு தனித்தாள்ல எழுதிக் காட்டினேன், அதைப் பார்த்து எழுதினாங்க.

"நீயே போற வழில பெட்டில போட்டுடு"ன்னு கவரை நீட்டினாங்க. வாங்கலை. இங்க அவங்கவங்க ஓட்டை அவங்கவங்கதான் கொண்டு போய்க் குடுக்கணும், உடல் முடியாதவங்கன்னா அதுக்குத் தனி ஃபார்ம் எழுதி ஒரு ஆளை நியமிக்கலாம், அது இல்லாம நான் எடுத்துட்டுப் போறது தப்பு. அன்னிக்கு போஸ்ட்மேன் வந்துட்டுப் போயாச்சு, திங்கக்கிழமை அரசு விடுமுறை, அதனால செவ்வாய்க்கிழமை காலைல அவங்க வீட்டுப் பெட்டிலயே போடறதுன்னு முடிவாச்சு, எலெக்‌ஷனுக்கு முழுசா மூணு வாரம் இருக்கு. அதுவரைக்கும் கவர் சாமி ரூம்ல சரஸ்வதி படத்துக்குப் பக்கத்துல இருந்துச்சு. செவ்வாய்க்கிழமை நான் கூட நின்னேன், வாக்கரைத் தள்ளிக்கிட்டு டிரைவ்வே முழுக்க நடந்து வந்து, கவரை உள்ள வச்சு, உள்ள தபால் இருக்கு, எடுத்துட்டுப் போங்கன்னு போஸ்ட்மேனுக்குக் காட்டற அந்தச் சின்னச் சிவப்புக் கொடியை அவங்களே தூக்கி விட்டாங்க.

மத்ததைச் சுருக்கமா சொல்லிடறேன். கெடு நெருங்கி முழிச்சவங்களை நேரா கவுண்டி ஆபீஸுக்கே போகச் சொன்னோம், 29ஆம் தேதி வரைக்கும் அங்கேயே அப்ளை பண்ணி, பேலட் வாங்கி, நிரப்பிக் குடுத்துட்டு வந்துடலாம். பேலட் வாங்கிட்டு மனசு மாறி பூத்துக்குப் போனவங்க பேலட்டையும் வெளிக்கவரையும் கையோட கொண்டு போகணும், இல்லைன்னா ப்ரொவிஷனல் பேலட்தான், அதாவது அப்புறம் சரி பார்த்துட்டு எண்ற தற்காலிகச் சீட்டுதான் கிடைக்கும். திருச்சிக்குப் பையன் கல்யாணத்துக்குப் போன ஒரு மாமாவுக்கு வெளிநாட்டுல இருக்கற சிட்டிசனுக்கான ஃபெடரல் போஸ்ட் கார்டு அப்ளிகேஷன் போட்டோம், பேலட் ஈமெயில்ல வந்துடும், ஆனா பென்சில்வேனியாவுக்குத் திருப்பி அனுப்பறது பேப்பர்லதான், எலெக்‌ஷனுக்கு முந்தின நாளுக்குள்ள அனுப்பிட்டா ஒரு வாரம் கழிச்சு வந்தாலும் ஏத்துக்குவாங்க. "நம்ம ஊர்ல தபால் ஓட்டைத்தானே முதல்ல எண்ணுவாங்க, இங்க ஏன் ரிசல்ட் லேட்டாகுது"ன்னும் கேட்டாங்க. இங்க எலெக்‌ஷன் அன்னிக்குக் காலைல 7 மணிக்கு முன்னாடி கவரைப் பிரிக்கவே அனுமதி கிடையாது, லேட்டாகாம என்ன செய்யும்.

அடுத்த வாரம் அந்த அம்மாகிட்டேர்ந்து போன். பேலட் வந்து சேர்ந்துடுச்சுன்னு ஈமெயில் வந்திருக்கு, மருமக படிச்சுக் காட்டியிருக்காங்க, அவங்க அதை நாள்காட்டில குறிச்சு வச்சிருக்காங்க, மேல பிள்ளையார் சுழியோட. அப்புறம் சொன்னாங்க, "எங்க தெருக் கோடி வீட்ல ஒரு தெலுங்கு அம்மா இருக்காங்க, அவங்களுக்கும் கவர் வந்து பிரிக்காமயே வச்சிருக்காங்க, உள்கவர் வெளிக்கவர்லாம் நான் சொல்லிட்டேன், தேதிக்கு மட்டும் நீ வந்துடு, சனிக்கிழமை ரெண்டு மணிக்கு முடியுமா?"