மூணாம் தண்ணி இருக்கட்டும், முத்து காய்ந்துவிட்டதா?

பங்குனி வெயிலில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தால், அம்மை போட்டிருக்கிறது என்று தெரிந்து பால்காரர்கூட வாசலோடு திரும்பிவிடுவார். சின்னம்மை காற்றில் பரவும் என்பதால் இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் முத்து, அதாவது அம்மைக் கொப்புளம், தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே குழந்தை பரப்பத் தொடங்கிவிடும். கூட விளையாடிய பிள்ளைகளை 21 நாள் வரை கவனிக்க வேண்டும். தாத்தாவுக்கு வரும் அக்கியும் இதே கிருமிதான். செம்மண்ணால் அக்கி எழுதும்போது பேரனைப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள்.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும். கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நாலு வேளைக்கு மேல் வேண்டாம். தப்பு நடப்பது பாட்டிலில். 12 கிலோ குழந்தைக்கு 180 மி.கி.; 5 மில்லியில் 120 மி.கி. உள்ள சிரப் என்றால் ஏழரை மில்லி, 250 மி.கி. உள்ளது என்றால் மூன்றரை. லேபிளைப் பார்க்காமல் பழைய அளவிலேயே ஊற்றினால் இரண்டு மடங்கு உள்ளே போய்விடும். ஆஸ்பிரின் கூடவே கூடாது. கல்லீரலையும் மூளையையும் தாக்கலாம். ஐபுபுரூஃபனும் வேண்டாம்.

குளிப்பாட்டாமல் போட்டுவைப்பதுதான் பெரிய தொல்லை. வேர்வையில் அரிப்பு கூடும்; சொறிந்த முத்து சீழ் வைக்கும்; தழும்பு நிற்கும். தினமும் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பருத்தித் துணியால் ஒற்றியெடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். வேப்பிலைக் கொத்தால் வருடலாம், காலமைன் தடவலாம். அம்மியில் அரைத்த வேப்பிலை மஞ்சளை உடைந்த முத்தில் அப்பாதீர்கள்.

உப்பில்லாப் பத்தியம் தேவையில்லை. வாயில் புண் இருந்தால் காரம்தான் எரியும். குழைந்த மோர்சாதம், இளநீர், நுங்கு இறங்கும். பருப்பும் முட்டையும் தரலாம்.

காய்ச்சல் நாலு நாளைத் தாண்டினாலோ, விட்டு மறுபடி வந்தாலோ, முத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, எழுப்பினாலும் கண் திறக்காமல் கிடந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். பச்சிளங்குழந்தை, கர்ப்பிணி, ஸ்டீராய்டு எடுப்பவர் என்றால் முதல் முத்திலேயே.

அம்மை இறங்கும்போது சடங்காகத் தலைக்கு ஊற்றும் தண்ணியில் மூன்றாவதான மூணாம் தண்ணி ஊத்தியதும், வலங்கைமான் மாரியம்மன் கோவிலுக்கோ சமயபுரத்துக்கோ கிளம்புவது வழக்கம். அந்தக் கூட்டத்தில் கர்ப்பிணிகளும் இருப்பார்கள். எத்தனை தண்ணி என்பது கணக்கில்லை. எல்லா முத்தும் பொருக்குத் தட்டியிருக்க வேண்டும், பெரும்பாலும் ஒரு வாரம் ஆகும். முடியை விலக்கி உச்சந்தலையையும் பாருங்கள். அங்கே ஒரு முத்து ஈரமாக இருந்தாலும் பயணம் தள்ளிப்போகட்டும்.