பீரோவுக்குள்ள பூசணம் வாசமா?

ஐப்பசி பொறந்தாச்சு, இனி தை வரைக்கும் கீழக்கரையில எந்த வீட்டு பீரோவ தொறந்தாலும் ஒரே மக்குன வாசம்தான். ஜன்னல தொறந்து போடு, காத்து வந்தா சரியாயிடும்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு அதுல பாதிதான் சம்மதம். கடக்கரையில ராத்திரியும் விடியக்காலையும் காத்துல ஈரம் ரொம்ப ஜாஸ்தி, அந்த நேரத்துல தொறந்து வச்சா ஈரத்த நாமளே விருந்துக்கு கூப்பிட்ட மாதிரி. வெயில் அடிக்கிற நாளா பாத்து 11 மணிக்கு மேல அஸர் (பிற்பகல் தொழுகை) வரைக்கும் தொறந்து போட்டு ஃபேனையும் ஓட விடுங்க, பீரோ கதவையும் சேர்த்துதான். ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர் ஆன்லைன்ல கிடைக்குது, 60 சதவீதத்துக்கு கீழ இருந்தா கவலயில்ல, 70ஐ தாண்டி நாள்கணக்கா நின்னா பூசணம் பிடிக்கத்தான் செய்யும்.

இப்ப புதுசா சேந்த வில்லன் ஏசி. மச்சான் சவுதியில இருந்து வந்தா ரூம 20ல வச்சுட்டு போர்வைய போத்திட்டு தூங்குவார், மறுநாள் பாத்தா ரூமுக்கு இந்தப்பக்கம் ஹால் செவரு வேர்த்து நிக்கும், அங்க சாத்தி வச்ச மர அலமாரிக்கு பின்னாடி கருப்பு கருப்பா புள்ளி. குளிந்த செவத்துல ஈரக்காத்து பட்டா தண்ணியாதான் மாறும், ஐஸ் வாட்டர் டம்ளர் வேர்க்குதுல்ல, அதேதான். 26ல வச்சு ஃபேன் போட்டுக்கங்க, அலமாரிய செவத்துல ஒட்டாம ஒரு சாண் தள்ளி வைங்க. ரூமுக்குள்ள கொடி கட்டி துணி காயப்போடுறத மொதல்ல நிறுத்துங்க.

இன்னொன்னு, செவத்துல வெள்ளையா பூக்குறதெல்லாம் பூசணம் இல்ல, நம்ம ஊர்ல பாதி உப்பு. கொஞ்சம் தண்ணி தெளிச்சு பாருங்க, கரைஞ்சு காணாம போனா உப்பு, அப்படியே பஞ்சு மாதிரி படிஞ்சு நின்னா பூசணம். உப்புக்கு பிளீச்சிங் தண்ணி போட்டு பிரயோஜனமே இல்ல, காஞ்ச பிரஷ்ல தட்டி எடுக்கணும், அது மேலயே பெயிண்ட் அடிச்சா அடுத்த மழைக்கு பொக்குன்னு உரிஞ்சு வந்துடும். பழைய வீடுகள்ல வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிச்சாங்கல்ல, சுண்ணாம்போட காரத்துல பூசணம் லேசுல வளராது, செவரும் மூச்சு விடும். இப்ப பளபளன்னு பிளாஸ்டிக் பெயிண்ட் அடிச்சு ஈரத்த உள்ளயே அடைச்சு வைக்கிறோம்.

பாத்ரூம் டைல்ஸுக்கு பிளீச்சிங் சரி, ஆனா டாய்லெட் கழுவுற ஆசிட்டோட மட்டும் கலந்துடாதீங்க, குளோரின் வாயு கெளம்பும், நெஞ்ச அடைச்சுரும்.

ரசகற்பூர உருண்டை, அதான் அந்துருண்டை, பூச்சிக்குதான், ஈரத்துக்கு இல்ல. வீட்ட பூட்டிட்டு சென்னைக்கு போறவங்க பட்டுப்புடவைய பாலிதீன் கவர்ல போடாம பருத்தி துணியில சுத்தி வைங்க, ஈரம் உறிஞ்சுற கால்சியம் குளோரைடு டப்பா ஒன்னு பீரோவுக்குள்ள வச்சுட்டு போங்க, தண்ணி நெறஞ்சா மாத்த பக்கத்து வீட்டு ராத்தாகிட்ட சாவிய குடுத்துடுங்க.

சமையக்கட்டுல முண்டு வத்தலையும் நெலக்கடலையையும் ஒரு தடவ கிளறி பாருங்க. பூசணம் புடிச்சிருந்தா வெயில்ல போட்டு தட்டிட்டு ஆக்கிடலாம்னு மாமி சொல்லுவாங்க, வேண்டாம் மாமி, அதுல வர்ற அஃப்ளடாக்சின்ங்கிற விஷம் வறுத்தாலும் முழுசா போகாது, கல்லீரலுக்கு கெடுதி, கோழிக்கும் போடாம குப்பையில கொட்டிருங்க.