உருளும் சரக்கை எடை நிறுத்தி வைக்காது

எஃகுச் சுருள்களை டிரெய்லரில் ஏற்றிக் கட்டும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தபோது நான் அடிக்கடி கேட்ட ஒரு கேள்வி இன்றும் என்னைக் கலங்க வைக்கிறது: “இருபது டன் இருக்கிறது, அது எங்கே நகரப் போகிறது?” சரக்கு கனமாக இருந்தால் தானாகவே நிலைத்திருக்கும் என்ற நம்பிக்கையிலிருந்து பிறக்கும் கேள்வி இது. ஆனால் பிரேக் பிடிக்கும்போது சரக்கை முன்னே தள்ளும் விசையும் அதே எடைக்கு ஏற்பத்தான் பெருகுகிறது. எடையில் 0.8 பங்கு விசையை முன்னோக்கியும் 0.5 பங்கு விசையைப் பக்கவாட்டிலும் தாங்கும்படி கட்ட வேண்டும் என்று ஐரோப்பியத் தரநிலையான இ.என். 12195-1 கணக்கிடுகிறது, அமெரிக்க விதிகளிலும் இதே அளவுகள்தான் உள்ளன. அப்படியானால் 20 டன் சுருள் ஓட்டுநரின் கேபினை நோக்கி 16 டன் விசையோடு வரும்.

பெல்ட்டை மேலே போட்டு இறுக்கிவிட்டால் போதும் என்பவர்களுக்காக ஒரு கணக்கைச் சொல்கிறேன். வழக்கமான பெல்ட்டின் சீட்டில் 2500 டெகாநியூட்டன் (ஏறக்குறைய இரண்டரை டன் விசை) என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அது பெல்ட் தாங்கக்கூடிய இழுவை. பெல்ட்டை இறுக்கும் பற்சக்கரப் பிடியான ராட்செட்டைக் கையால் இறுக்கும்போது உண்மையில் கிடைக்கும் இழுவை, அதே சீட்டில் எஸ்.டி.எஃப். என்று குறித்திருக்கும் அளவு. அது பல பெல்ட்களில் 500 டெகாநியூட்டன், அதாவது அரை டன்தான். இரு பக்கமும் நேர்செங்குத்தாக இறங்கினால்கூட ஒரு பெல்ட் சுருளை ஒரு டன் அளவுக்கே கீழே அழுத்தும். எஃகுத் தளத்தின் மேல் எஃகு இருந்தால் உராய்வு கீழே அழுத்தும் விசையில் 0.2 பங்கே என்பதால், 16 டன்னில் 4 டன்னை உராய்வு பிடித்துக்கொள்ள, ஒரு பெல்ட் 0.2 டன்னையே கூட்டிப் பிடிப்பதால், மீதி 12 டன் சறுக்கலை நிறுத்த 60 பெல்ட்கள் வேண்டியிருக்கும். அடியில் ரப்பர் பாய் விரித்து உராய்வை 0.6 ஆக உயர்த்தினால் மீதி 4 டன்தான். அதற்கு ஏழு பெல்ட்கள் போதும். ஏற்றும் அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது இந்தப் பாய்தான் என்பது எனக்குத் தீராத வருத்தம்.

சுருளின் கண், அதாவது நடுத்துளை, பக்கவாட்டைப் பார்த்திருக்கும்போது அது சறுக்குவதற்கு முன்பே உருளத் தொடங்கும் என்பதால், அங்கே பெல்ட்டைவிட, சுருளுக்கு முன்னால் வைக்கும் முட்டுக்கட்டையின் உயரமே முக்கியம். 1.8 மீட்டர் விட்டமுள்ள சுருளை 0.8 பங்கு விசைக்கு எதிராக நிறுத்த, முட்டுக்கட்டையின் முனை குறைந்தது 20 சென்டிமீட்டர் உயரத்தில் சுருளைத் தொட வேண்டும். 10 சென்டிமீட்டர் கட்டை சாதாரண ஓட்டத்தில் உறுதியாகத் தோன்றினாலும், முழு பிரேக்கில் சுருள் அதன்மேல் ஏறிக் கடந்துவிடும். கட்டையை வெறும் ஆணியால் மட்டும் தளத்தோடு பிணைப்பதை அமெரிக்க விதி தடை செய்கிறது. டிரெய்லரிலேயே சுருளுக்கான சரிவுக் குழி இருந்தால், சுருளின் அடிப்புறம் குழியின் தரையைத் தொடாமல் இரு சரிவுகளிலும் அமர்ந்திருக்க வேண்டும். தரையைத் தொட்டுவிட்டால் எடை அந்த ஒரே கோட்டில் இறங்கி, சரிவுகள் பயனற்றுப் போகும்.

காகித ரோல்களில் சிக்கல் வேறு. நிமிர்த்தி வைத்த ரோலின் உயரம் விட்டத்தைப் போல 1.25 மடங்கைத் தாண்டினால், முன்னால் தடுப்பு இல்லாதபோது, கடும் பிரேக்கில் அது சறுக்காவிட்டாலும் கவிழும். விளிம்புக் காப்பு இல்லாமல் பெல்ட்டை இறுக்கினால் காகிதம் நசுங்கும், பெல்ட்டும் தளரும்.

இத்தனையும் சரியாகச் செய்து புறப்பட்ட வண்டியில்கூட, முதல் நிறுத்தத்தில் இறங்கிப் பெல்ட்டை அழுத்திப் பார்த்தபோது அது கைக்கு நெகிழ்ந்து கொடுத்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். கட்டையின் மரம் எடைக்கு அமுங்குகிறது, சுருள் அதிர்வில் இன்னும் சற்றுக் கீழே அமர்கிறது, அந்தச் சில மில்லிமீட்டரிலேயே இழுவை போய்விடுகிறது. புறப்பட்ட முதல் 50 மைல்களுக்குள் ஓட்டுநர் நிறுத்திச் சரக்கைச் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்வது இதனால்தான். நான் அனுப்பிய வண்டிகளின் ஓட்டுநர்களிடம் அதற்கும் முன்பாகவே, நெடுஞ்சாலையில் ஏறுவதற்குள், ஒருமுறை இறங்கிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்வேன்.