பழைய மரியோ, சோனிக்: எந்தப் பதிப்பை வைப்பது?

04.05.2025, ஞாயிறு, புதுச்சேரி

கத்திரி தொடங்கிவிட்டது; ஆனாலும் காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில் இடிபடாமல் நடக்க முடியவில்லை. ரிமோட்டுகளும் சார்ஜர்களும் குவிந்திருந்த தார்ப்பாயின் ஓரத்தில் மஞ்சள் நிற வீடியோ கேம் கேசட் ஒன்று கிடந்தது. அதன் மேல் அச்சிட்டிருந்த எண்ணிக்கையை நம்பினால் வாழ்நாள் போதாது. உள்ளே இருப்பவை சில ஆட்டங்கள்தாம், அவையே பெயர் மாறித் திரும்பத் திரும்ப வரும் என்பது தொண்ணூறுகளில் வளர்ந்த எவருக்கும் தெரியும். ஓடுமா என்று கேட்டதற்கு, "ஊதிட்டுப் போடுங்க தம்பி, ஓடும்" என்றார் கடைக்காரர். வாங்கவில்லை. விடுமுறைக்கு வரவிருக்கும் அக்காள் மகனுக்கு மரியோ, சோனிக் போன்ற இந்தப் பழைய ஆட்டங்களைக் காட்ட வேண்டும். ஒவ்வொன்றும் பல பதிப்புகளாகக் கிடைப்பதால், எதை வைப்பது என்று அதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.

06.05.2025, செவ்வாய்

படம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பதைவிட, பொத்தானை அழுத்தியதும் ஆள் எப்படி எழுகிறான், எப்படி விழுகிறான் என்பதே இவ்வகை ஆட்டத்தின் உயிர். 1985-இல் வந்த முதல் சூப்பர் மரியோ பிரதர்ஸையும், 1993-இல் சூப்பர் நின்டெண்டோ என்ற வீட்டு விளையாட்டுக் கருவிக்காக மெருகேற்றி வெளியிட்ட ஆல் ஸ்டார்ஸ் தொகுப்பையும் அடுத்தடுத்து ஆடிப் பார்த்தால் இது விளங்கும். பழையதில் தலையால் செங்கல்லை உடைத்தவுடன் மரியோ கீழே திரும்பிவிடுகிறான். தொகுப்பில், செங்கல் சிதறிய பிறகும் மேலேயே போகிறான். சின்ன வேறுபாடுதான், ஆனால் பழகிய கை தடுமாறிப்போகிறது. ஆகவே முதல் மரியோவுக்குப் 1985-இன் பழைய பதிப்பே.

மூன்றாம் மரியோவுக்கு இதே நியாயம் பொருந்தாது. அதன் மூலப் பதிப்பில் திரையின் ஓரத்தில் நிறங்கள் சிதறித் தெரியும். தொகுப்பில் அந்தக் குறை இல்லை, பின்னணிக் காட்சிகளும் அழகு. 2003-இல் கையடக்கக் கருவியான கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்த பதிப்பில் மரியோ வாய் ஓயாமல் கூவுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அதன் திரை 240-க்கு 160 புள்ளிகள்தாம். சூப்பர் நின்டெண்டோவின் 256-க்கு 224-ஐ நோக்க, மேலும் கீழும் தெரியும் இடம் நன்றாகவே குறைந்துவிடுகிறது. காலடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் குதிப்பது சிறுவனுக்கு எரிச்சலைத்தான் தரும். தொகுப்பே போதும்.

10.05.2025, சனி

இன்று சோனிக். 1991-இல் சேகாவின் மெகா டிரைவ் கருவிக்கு வந்த முதல் சோனிக்கில் முதலில் கவனிக்க வேண்டியது, அது எந்த நாட்டுக்கான பதிப்பு என்பதுதான். அமெரிக்க, ஜப்பானியப் பதிப்புகள் நொடிக்கு 60 முறை திரையில் படம் மாறும் வேகத்துக்காக எழுதப்பட்டவை. ஐரோப்பியத் தொலைக்காட்சிகளுக்கான பதிப்பு 50-இல் ஓடுவதால், வேகத்தில் ஆறில் ஒரு பங்கு குறைந்து, பாட்டும் இழுவையாகிவிடுகிறது. வேகத்துக்கென்றே பிறந்த ஆட்டத்துக்கு இது நியாயமா? 2006-இல் கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்த பதிப்போ திக்கித் திணறுகிறது. அதைத் தொடவே வேண்டாம். நிரலாளர் கிறிஸ்டியன் வைட்ஹெட்டின் கைவண்ணத்தில் 2013-இல் கைபேசிக்கு வந்த பதிப்பை நான் முதலிடத்தில் வைக்கிறேன்: அகலத் திரை, தடங்கலில்லாத ஓட்டம், நின்ற இடத்தில் சுழன்று பாயும், மூலத்தில் இல்லாத சுழல் பாய்ச்சல் வேறு. கண்ணாடியைத் தேய்த்து ஆடுவதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. புளூடூத் கன்ட்ரோலரைச் சார்ஜ் போட்டு வைத்தேன்.

காட்டேரி வேட்டை ஆட்டமான மூன்றாம் காசில்வேனியாவுக்கு ஜப்பானியப் பதிப்பு என்பதில் யோசிக்கவே இல்லை. அதன் கேசட்டுக்குள் இருந்த கூடுதல் ஒலிச் சில்லை அமெரிக்க இயந்திரத்தால் பயன்படுத்த முடியாததால், அங்கே இசை மெலிந்துவிட்டது.

13.05.2025, செவ்வாய்

மருமகன் வந்துவிட்டான். அவனே கேட்டது பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. அம்மா பள்ளிக் கம்ப்யூட்டர் லேபில் ஆடியதாகச் சொன்னாளாம். 1989-இல் ஆப்பிள் இரண்டு கணினியில் பிறந்த அந்த ஆட்டத்துக்காக, அதை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் விட்டுப் படம்பிடித்து, அதைப் பார்த்தே ஒவ்வொரு அசைவையும் வரைந்தார். 1992-இன் சூப்பர் நின்டெண்டோ பதிப்பு 20 நிலைகளும் இரண்டு மணி நேரமுமாக விரிந்தது. மூலத்தில் இளவரசிக்கு இருந்த கெடு ஒரே மணி நேரம். அந்த நெருக்கடிதான் ஆட்டத்துக்குக் காரம் சேர்ப்பது என்பதால், அதே கெடு உள்ள பழைய கணினிப் பதிப்பை (டாஸ்) போட்டேன். வாளைத் தேடி எடுக்காமலே முதல் காவலன் முன் போய் நின்று, ஒரே வெட்டில் விழுந்துவிட்டு, "மாமா, இது அநியாயம்!" என்றான். இதை முடித்தால் அந்த நீண்ட பதிப்பைத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.