நெருப்புப்பெட்டிக்குள் ஒரு கால்

பழைய மாணவர் மலர்க்குழுத் தம்பி மூன்றாம் தடவையும் கட்டுரை கேட்டுத் தொலைபேசி எடுத்தபோது, கிரிக்கெட் பற்றி எழுதுவதா, விடுதிச் சாப்பாடு பற்றி எழுதுவதா என்று யோசித்தேன். இரண்டையும் என்னைவிட நன்றாக எழுத ஆட்கள் இருக்கிறார்கள். உள்ளான் கதையை முழுதாக அறிந்தவர்களில் கனடாவில் நான் ஒருவன்தான் மிச்சம். சரி, அதையே எழுதுகிறேன்.

1980 மாரி. நாங்கள் நாலு பேர் சனிக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்து வல்லை வெளிக்குப் போவோம். மழை வெள்ளம் நிற்கிற இடமெல்லாம் உள்ளான் என்ற சின்ன நீர்ப்பறவைக் கூட்டம். எங்கள் கையில் கல் அடிக்கிற கெற்றப்போல். பொரித்த உள்ளானுக்கு அந்தக் காலத்தில் இருந்த மவுசு உங்களில் பலருக்குத் தெரியும். அன்றைக்கு விழுந்த ஒன்றைத் தூக்கியவன், "டேய், இதின்ரை காலிலை ஏதோ கிடக்கு" என்றான். மெல்லிய அலுமினிய வளையம். அதில் ஒரு இலக்கமும், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அறிவிக்கும்படி ஆங்கில எழுத்துகளும்.

திங்கட்கிழமை காலை, வெட்டிய காலை ஒரு நெருப்புப்பெட்டிக்குள் வைத்து விலங்கியல் சேரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் வளையத்தைக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"மிச்சம் எங்கை?"

"கறி வைச்சாச்சு, சேர்."

அடிக்கவில்லை. அடித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். பம்பாய்க்கு எங்களையே கடிதம் எழுத வைத்தார். மூன்று தரம் திருத்திய பிறகுதான் தபாலில் போட விட்டார். பறவை எப்படிக் கிடைத்தது என்ற இடம் வந்ததும் நாலு பேரும் ஆளையாள் பார்த்தோம். 'இறந்து கிடந்தது' என்று எழுதினோம். சேர் அதை வாசித்தார்; அந்த வரியை மட்டும் திருத்தவில்லை.

பதில் வர மாதக்கணக்கானது. தட்டச்சில் ஒரு பக்கம். அது வளைமூக்கு உள்ளான் என்றும், வளையம் மாட்டிய இடம் தமிழ்நாட்டுக் கோடிக்கரை என்றும் இருந்தது. கோடிக்கரை எங்களுக்குக் கூப்பிடு தூரம். காங்கேசன்துறையிலிருந்து ஐம்பது சொச்சம் கிலோமீற்றர்தான். "சீ, இவ்வளவுதானா" என்று ஒருத்தன் சொல்லிவிட்டான். சேர் உலகப் படத்தை விரித்துச் சைபீரியாவின் வடகரையில் விரலை வைத்தார். அது குஞ்சு பொரிக்கிற இடம் அங்கேதான். வருடா வருடம் போய் வருகிறது. ஒரு கைப்பிடிகூட நிறையாத உடம்பு, அறுபது கிராம் அளவில். எங்கள் கல்லு அதைவிடப் பாரமாக இருந்திருக்கும்.

பறவை எங்கே போய் வருகிறது என்று அறிய வளையம் மாட்டும் இந்த வேலை இந்தியாவில் 1959 அளவில் பெரிதாகத் தொடங்கியதே நோய்ப் பயத்தால்தான். கர்நாடகத்தில் 1957 இல் குரங்குக் காய்ச்சல் கிளம்பியபோது, பறவைகளின் உடம்பில் ஒட்டி வரும் உண்ணி அதைக் கொண்டுவருகிறதோ என்று சந்தேகம். உலக சுகாதார நிறுவனம் உதவ, பறவையியலாளர் சாலிம் அலி முன்னின்று நடத்தினார். இதையெல்லாம் நான் பிற்பாடு வாசித்து அறிந்தது. அந்தக் கடிதம் எங்களில் ஒருவன் வீட்டு அலமாரியில் இருந்தது. 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு அந்த வீட்டில் அலமாரியே இல்லை.

வளையத்தில் ஒரு குறை: யாராவது பறவையை மறுபடி பிடிக்க வேண்டும், அல்லது எங்களைப் போல யாராவது கொல்ல வேண்டும். இப்போது அந்தக் கரைச்சல் குறைவு. 2021 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தார் மன்னாரில் கடற்காகங்களுக்கு ஜிபிஎஸ் கருவி பூட்டிவிட்டார்கள். அதில் 'மேகா' என்று பெயர் வைத்தது ஆர்க்டிக் வரை போய்த் திரும்பி மன்னாருக்கே வந்தது. போன வழி முழுக்கக் கணினித் திரையில் கோடாக விழுந்தது. மன்னார்த் தீவின் காற்றாலைகளைப் பற்றி ஊரில் வாதம் நடக்கும்போது, காற்று மட்டும் பார்த்தால் போதாது, பறவை எந்த உயரத்தில் எந்தப் பக்கத்தால் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று சொல்ல இப்படியான கோடுகள்தான் சாட்சி. மன்னார்ப் பக்கத்து வங்காலையை 2010 இல் ராம்சார் இடமாக, அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக, அறிவித்தார்கள். சுண்டிக்குளம் 1938 இலேயே சரணாலயம் ஆனது, 2015 இல் தேசியப் பூங்கா. காகிதத்தில் பாதுகாப்பு நிறைய உண்டு.

இங்கே கனடாவில் ஈரி ஏரிக்கரையின் லோங் பொயின்ற்றில் 1960 முதல் பறவைகளுக்கு வளையம் மாட்டி வருகிறார்கள். ஒரு கிராமுக்கும் குறைந்த ரேடியோக் கருவியைச் சின்னக் குருவிகளின் முதுகில் கட்டி, கோபுரங்கள் வழியாகப் பின்தொடரும் வேலையும் நடக்கிறது. மகளோடு ஒருமுறை போனேன். வலையிலிருந்து எடுத்த குருவியை அங்கே வேலை செய்த பெண்பிள்ளை இரண்டு விரலுக்கிடையில் கழுத்தைப் பிடித்து, நோகாமல் வைத்திருந்தாள். இவ்வளவு லேசாகவா பிடிப்பது என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஓய்வு பெற்ற பிறகு இலையுதிர் காலத்தில் விடிய முன்னம், கட்டடங்களில் மோதி விழுந்த பறவைகளைத் தேடி, ரொறன்ரோ நகர நடுவுக்குப் போகிறேன். 'ஃப்ளாப்' என்ற அமைப்பு 1993 முதல் இதைச் செய்கிறது. இரவில் பறக்கும் பறவைகளைக் கட்டட வெளிச்சம் இழுக்கிறது. விடிந்ததும் கண்ணாடியில் தெரியும் மரத்தை மெய்மரம் என்று நம்பி மோதுகின்றன. புதுக் கட்டடங்களின் கண்ணாடியில் புள்ளி போட வேண்டும் என்று 2010 இலிருந்து நகரசபை விதி இருக்கிறது. பழைய கட்டடங்கள்தான் தலையிடி. உயிரோடு கிடப்பதைக் கடதாசிப் பையில் போட்டுச் சிகிச்சைக்கு அனுப்புவோம். காவலாளிகளுக்கு என்னைப் பழக்கம். ஒரு பஞ்சாபித் தாத்தா நான் வருமுன்னே தூணுக்குப் பின்னால் பார்த்து வைத்திருப்பார்.

போன ஒக்ரோபரில் ஒரு காலை, வெண்தொண்டைக் குருவி ஒன்று. உடம்பில் இன்னும் சூடு இருந்தது. முதலில் காலைத்தான் பார்த்தேன், வளையம் இல்லை. வழக்கம்போல இடம், நேரம், இனம் எல்லாம் பதிந்தேன். கடைசியில், எந்த நிலையில் கிடைத்தது என்ற கேள்வி.

'இறந்து கிடந்தது' என்று எழுதினேன். இந்த முறை அது உண்மை.