உள்ளங்கைச் சூட்டில் கொதித்த திரவம்

ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரம், சிரிஞ்சில் எடுத்த திரவம் என் கையிலேயே கொதித்தது. அந்தத் திரவத்தின் பெயர் பெர்ஃப்ளூரோபென்டேன்; அதன் கொதிநிலை 29 டிகிரி செல்சியஸ் என்று தெரியும். ஆனால் விரல் சூடு அதற்குப் போதும் என்று தோன்றவே இல்லை. கண்ணாடிக்குள் குமிழிகள் கிளம்பி பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளின. அன்றைய மாதிரி மொத்தமும் வீண். அப்புறம் ஐஸ் பெட்டி இல்லாமல் அந்த பாட்டிலைத் தொட்டதில்லை.

அல்ட்ராசவுண்டில் ரத்தம் கறுப்பாகத்தான் தெரியும். வாயுக் குமிழிகளைச் செலுத்தினால் அவை ஒலியைப் பலமாகத் திருப்பி அனுப்பும். இதயப் பரிசோதனையில் இதை 1968இல் கிராமியாக், ஷா என்ற மருத்துவர்கள் எழுதினார்கள். இன்றைய குமிழிகள் பெரும்பாலும் சிவப்பணுவைவிடச் சிறியவை, மெல்லிய உறை போர்த்தியவை. ஆனால் சில நிமிடங்களில் கரைந்துவிடும்; வாயு மூச்சோடு வெளியேறிவிடும். ரத்தக்குழாயை விட்டுப் புற்றுநோய்க் கட்டிக்குள் நுழையவும் அவற்றால் முடியாது. அதனால்தான் பெர்ஃப்ளூரோபென்டேனை முதலில் நுண்ணிய திரவத் துளியாக அனுப்பி, வேண்டிய இடத்தில் சூடாலோ ஒலியாலோ குமிழியாக்கப் பார்க்கிறோம். கூடவே மருந்தையும் ஏற்றி அனுப்பலாம்.

சரி, 29 டிகிரியில் கொதிப்பது 37 டிகிரி உடம்புக்குள் போனதுமே கொதித்துவிடாதா? நானும் அப்படித்தான் பயந்து, அந்த நுண்துளிகள் இருந்த ஒரு குப்பியை 37 டிகிரி தண்ணீரில் வைத்துக் காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. துளி சில நூறு நானோமீட்டருக்குச் சிறுத்தால் அதன் பரப்பு இழுவிசையே உள்ளிருக்கும் திரவத்தை நெருக்கிப் பிடிக்கிறது. கொதிநிலை ஏறிவிடுகிறது. துளி பெரிதாக இருந்தால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். தப்பான இடத்தில் வெடித்து நுண்குழாயை அடைத்தாலும் அடைக்கும். அதனால் என் நாட்களில் பாதி, அளவு பார்த்து வடிகட்டுவதிலேயே போனது. அலுப்பான வேலை. ஆனால் இந்த மருத்துவத்தின் பாதுகாப்பே அங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

சூடேற்றும் மேடை வைத்த மைக்ராஸ்கோப்பில் ஒரு துளியை மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அசையாமல் கிடக்கும். கண் இமைப்பதற்குள் அதே இடத்தில் ஐந்து மடங்கு அகலமான குமிழி நிற்கும்.

பல மாதம் கழித்து, ஜெல்லுக்குள் துளிகளைக் கலந்து ஒலியை ஓரிடத்தில் குவித்தோம். கறுப்புத் திரையில் குறிவைத்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற அக்கா திரையிலிருந்து பார்வையை எடுக்காமல், "இன்னொரு தடவை செய்" என்றார்.